நாலரை மணிக்கே இருட்டும் ஊர்

2001 ஜூன். மன்னார்குடியில் எங்களுக்கு முழுப் பரீட்சை லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறக்கும் சமயத்தில்தான் சிங்கப்பூரில் லீவு விடுவார்கள். அதனால் பெரியப்பா குடும்பம் ஊருக்கு வரும்போதெல்லாம் நான் சீருடையில்தான் இருப்பேன். அந்த வருடம் அண்ணனுக்கு 12 வயது, எனக்கு 9. அவன் கையில் ஊதா நிற கேம்பாய் கலர் ஒன்று இருந்தது. அதன் முதுகில் செருகியிருந்த கார்ட்ரிட்ஜ் தங்க நிறத்தில் மினுங்கியது. போக்கிமான் கோல்டு.

அதுவரை எனக்குத் தெரிந்த வீடியோ கேம் இரண்டுதான். ஒன்று, டிவியில் மாட்டி விளையாடுவது. ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் என்று கேசட்டின் மேல் போட்டிருக்கும், உள்ளே பத்து ஆட்டம்தான் திரும்பத் திரும்ப வரும். இன்னொன்று, திருவிழாக் கடையில் கிடைக்கும், கட்டை அடுக்குகிற பிரிக் கேம். இரண்டையும் அணைத்தால் ஆடியதெல்லாம் போய்விடும். அண்ணனின் விளையாட்டோ நேற்று விட்ட இடத்தை ஞாபகம் வைத்திருந்தது. எனக்கு அதுவே பெரிய ஆச்சரியம்.

நாலே காலுக்கு மணியடிக்கும். ஓடிவந்து பையைத் திண்ணையில் போட்டால் மணி நாலரை. கேம்பாய் கலரின் திரைக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. வெயில் விழும் பக்கம் அதைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு அண்ணன் உட்கார்ந்திருப்பான். அவன் தோளில் தாடையை வைத்துக்கொண்டு நான் பார்ப்பேன்.

"நான் ஒரு தடவை விளையாடட்டுமாண்ணா?"

"இதுல ஒரே ஒரு சேவ்தாண்டா. நீ புதுசா ஆரம்பிச்சா என்னோடது அழிஞ்சிடும்."

நியாயமான பதில். அதனால் பார்க்க மட்டும் செய்தேன். நான் பார்த்த போதெல்லாம் அந்த ஊரில் இரவாகவே இருந்தது. நீலம் பூசிய இருட்டு. புல்லில் கால் வைத்தால் ஆந்தை வரும். எங்கள் திண்ணையிலோ கண் கூசும் வெயில். ஒரு நாள் கேட்டேன்.

"ஏண்ணா இங்க எப்பவும் ராத்திரியாவே இருக்கு?"

"அந்த ஊரு அப்படித்தாண்டா."

சனி, ஞாயிறுகளில் அவர்கள் கோயில், சொந்தக்காரர் வீடு என்று கிளம்பிவிடுவார்கள். மாதக் கடைசியில் சிங்கப்பூருக்கே கிளம்பிவிட்டார்கள். போக்கிமானின் இரண்டாம் தலைமுறையோடு எனக்கு இருந்த உறவு அவ்வளவுதான்.

*

போக்கிமான் ரசிகர்கள் காலத்தைத் தலைமுறைகளாகத்தான் எண்ணுவார்கள். 1996 பிப்ரவரி 27-ல் ஜப்பானில் வந்த ரெட், க்ரீன் முதல் தலைமுறை. 1999 நவம்பரில் வந்த கோல்டு, சில்வர் இரண்டாவது. 2002 நவம்பரில் ரூபி, சஃபையர் வந்ததும் மூன்றாவது தொடங்கிவிட்டது. எந்தத் தலைமுறையில் நீங்கள் உள்ளே நுழைந்தீர்கள் என்பதை வைத்து உங்கள் வயதைச் சொல்லிவிடலாம். நான் நுழைந்தது மூன்றில், பள்ளி நண்பன் வீட்டுக் கம்ப்யூட்டரில். இரண்டாவது எனக்குத் தவறிப்போன தலைமுறை.

எதைத் தவறவிட்டேன் என்று புரிந்துகொள்ள ஒரு பூச்சி பிடிக்கும் பையனிடமிருந்து தொடங்க வேண்டும். சடோஷி தஜிரி 1965-ல் பிறந்தவர். டோக்கியோவின் மேற்கே இருக்கும் மச்சிடாவில் வளர்ந்தார். அவர் சிறுவனாக இருந்தபோது அங்கே வயல்கள், குளங்கள், மரங்கள் இருந்தன. பூச்சி பிடிப்பதில் அவருக்கு அப்படியொரு வெறி, கூடப் படித்த பிள்ளைகள் 'பூச்சி டாக்டர்' என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். பிறகு நகரம் வளர்ந்தது. குளங்கள் மூடப்பட்டன, வயல்கள் கட்டடங்களாயின. தஜிரி பூச்சியை விட்டுவிட்டு ஆர்கேட் கடைகளுக்குப் போனார்.

1983-ல் 'கேம் ஃப்ரீக்' என்று ஒரு பத்திரிகை தொடங்கினார். கையால் எழுதி, நகலெடுத்து, பின் அடித்துத் தைத்த சிறுபத்திரிகை. அதைக் கடையில் பார்த்துவிட்டுத் தேடி வந்து சேர்ந்தவர் ஓவியர் கென் சுகிமோரி. இன்று உலகம் அறிந்த போக்கிமான் உருவங்களுக்கு முகம் கொடுத்தவர் அவர்தான். 1989-ல் அந்தப் பத்திரிகையே நிறுவனமாக மாறியது. அதே ஆண்டு நின்டெண்டோ கேம்பாயை வெளியிட்டது. இரண்டு கேம்பாய்களை ஒரு கேபிளால் இணைக்க முடியும். மற்றவர்கள் அந்தக் கேபிளைப் போட்டிக்குப் பயன்படுத்தினார்கள். தஜிரிக்கு அதன்மேல் ஒரு பூச்சி ஊர்ந்து அந்தப் பக்கம் போவது தெரிந்தது.

அந்தக் கற்பனை விளையாட்டாக மாற ஆறு வருடம் பிடித்தது. 151 உயிரினங்கள். ஆனால் ரெட்டில் கிடைக்கும் சில க்ரீனில் கிடைக்காது, க்ரீனில் கிடைக்கும் சில ரெட்டில் கிடைக்காது. முழுவதும் சேர்க்க வேண்டுமென்றால் இன்னொரு மனிதர் வேண்டும், கேபிளின் அந்த முனையில். தனியாக முடிக்க முடியாத ஆட்டத்தை வேண்டுமென்றேதான் செய்திருந்தார்கள்.

*

இரண்டாம் தலைமுறை எளிதில் வந்துவிடவில்லை. 1997 நவம்பரில் ஜப்பானில் நடந்த நின்டெண்டோ கண்காட்சியில் கோல்டு, சில்வரின் மாதிரியை மக்கள் விளையாடிப் பார்த்தார்கள். ஆனால் கடைக்கு வந்தது சரியாக இரண்டு வருடம் கழித்து, 1999 நவம்பர் 21-ல். இடையில் கிட்டத்தட்ட எல்லாமே மாறியிருந்தது. மாதிரியில் ஜப்பான் முழுவதையும் ஒத்த ஒரு வரைபடம் இருந்தது. பழைய விளையாட்டின் கான்டோ நிலப்பகுதி அதற்குள் ஒரே ஒரு ஊராகச் சுருங்கிக் கிடந்தது. பிறகு காணாமல்போன பல உயிரினங்களும் அதில் இருந்தன. இவ்வளவும் நமக்கு எப்படித் தெரியும்? அந்த மாதிரி 2018-ல் இணையத்தில் கசிந்தது. தயாரித்தவர்களே ஒதுக்கிவைத்த வரைவு, 21 வருடம் கழித்து எல்லோருக்கும் கிடைத்துவிட்டது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

கேம் ஃப்ரீக் சின்னக் குழு. அப்போது உதவிக்கு வந்தவர் ஹால் லேபரட்டரி நிறுவனத்தின் தலைவர் சடோரு இவாடா. பின்னாளில் நின்டெண்டோவின் தலைவரானவர். ஒரு நிறுவனத்தின் தலைவர் இன்னொரு நிறுவனத்தின் நிரலை உட்கார்ந்து படித்தார். ரெட், க்ரீனின் சண்டைப் பகுதியை விளக்கக் குறிப்பு எதுவும் இல்லாமல், நிரலை மட்டும் படித்தே நின்டெண்டோ 64-க்கு மாற்றிக் கொடுத்தார். கோல்டு, சில்வருக்காகப் படங்களைச் சுருக்கும் கருவிகளையும் எழுதித் தந்தார். ஜப்பானியக் கோல்டு முழுவதும் 1 மெகாபைட்தான். நம் போனில் எடுக்கும் ஒரு புகைப்படம் அதைவிடப் பெரியது. அதற்குள் 251 உயிரினங்கள், ஜோட்டோ என்ற புது நிலம், அது முடிந்த பிறகு பழைய கான்டோ நிலமும். ஜோட்டோவுக்கு முன்மாதிரி கியோட்டோ, ஒசாகா இருக்கும் கன்சாய் பகுதி.

ஆனால் இந்தத் தலைமுறையின் உண்மையான புதுமை கார்ட்ரிட்ஜுக்குள் வைத்த ஒரு கடிகாரம். கைக்கடிகாரத்தில் இருப்பது போன்ற குவார்ட்ஸ் படிகம், விநாடிக்கு 32,768 முறை அதிர்வது. கேம்பாயை அணைத்தாலும் அது ஓடிக்கொண்டே இருக்கும். விளையாட்டைத் தொடங்கினால் பேராசிரியர் ஓக் தூக்கத்திலிருந்து எழுந்து முதலில் கேட்பதே மணி என்ன என்றுதான். நீங்கள் சொல்லும் மணிதான் அந்த உலகத்தின் மணி. காலை 4 முதல் 10 வரை காலை, 10 முதல் மாலை 6 வரை பகல், பிறகு இரவு. ஹூட்ஹூட் என்ற ஆந்தை இரவில்தான் வரும். ஈவி உங்களோடு நன்றாகப் பழகிய பிறகு பகலில் மாறினால் எஸ்பியான், இரவில் மாறினால் அம்பிரியான். வெள்ளிக்கிழமை மட்டும் ஒரு குகையின் அடியிலுள்ள நீரில் லாப்ராஸ் வரும். செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் தேசியப் பூங்காவில் பூச்சி பிடிக்கும் போட்டி, 20 நிமிடம். மச்சிடாவின் குளக்கரையை தஜிரி இப்படித் திரும்பக் கட்டிக்கொண்டார் என்று நினைக்கிறேன். பூச்சிக்கு நேரம் உண்டு, நாள் உண்டு. பிடிக்கிறவன்தான் காத்திருக்க வேண்டும்.

இதைப் படித்துக்கொண்டிருந்த ஒரு நாள்தான் எனக்குச் சட்டென்று புரிந்தது. அண்ணன் அந்தக் கடிகாரத்தைச் சிங்கப்பூரில் வைத்தவன். ஒருமுறை வைத்துவிட்டால் மாற்றுவது சுலபமில்லை. யாரும் சொல்லித்தராத பட்டன்களை அழுத்தி, கடவுச்சொல் ஒன்றும் போட வேண்டும். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். எங்கள் திண்ணையில் நாலரை என்றால் அந்தக் கார்ட்ரிட்ஜுக்குள் ஏழு. ஜோட்டோவில் ஒரு மணி நேரத்துக்கு முன்பே இருட்டியிருக்கும்.

அந்த ஊர் ஒன்றும் 'அப்படி' இல்லை. நான் பார்த்தது சிங்கப்பூரின் இரவை.

*

2003-ல் கார்ட்டூன் நெட்வொர்க்கில் போக்கிமான் வந்தபோதுதான் எங்கள் வகுப்பு முழுவதற்கும் அந்தப் பெயர் தெரிந்தது. சிப்ஸ் பாக்கெட்டுக்குள் வரும் வட்ட வில்லைகளுக்காகச் சண்டை போட்டோம். அதற்குள் ஜப்பானில் மூன்றாம் தலைமுறையே வந்துவிட்டிருந்தது. நாங்கள் புதிது என்று கொண்டாடியது அங்கே பழையது.

இப்போது யாரிடமாவது இதைச் சொன்னால், "அதுக்கென்ன, எமுலேட்டர்ல விளையாடு" என்பார்கள். விளையாடினேன். சென்னைக்கு வேலைக்கு வந்த பிறகு லேப்டாப்பில். வேகத்தை எட்டு மடங்காக்கும் பட்டன் இருந்தது. ஒரு திங்கட்கிழமை குகைக்குப் போய்ச் சேர்ந்தேன், லாப்ராஸ் இல்லை. லேப்டாப்பின் தேதியை வெள்ளிக்கு மாற்றினேன், லாப்ராஸ் வந்துவிட்டது. பிடித்தேன். பத்து நிமிடத்தில் மூடிவைத்துவிட்டேன். என்ன பிடித்தேன் என்றே தெரியவில்லை.

மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். இந்தத் தடவை தேதியைத் தொடவில்லை. வேகப் பட்டனையும் தொடவில்லை. ஒரு வெள்ளி ஆபீஸில் நேரமாகிவிட்டது, லாப்ராஸ் போனது. அடுத்த வெள்ளி மறந்துவிட்டேன். மூன்றாவது வெள்ளி ராத்திரி பதினொன்றரைக்குப் பிடித்தேன், அரை மணி நேரம் மிச்சம் இருந்தது. 1999-ல் ஒரு ஜப்பானியப் பிள்ளைக்கும் இதேதான் நடந்திருக்கும். ஆனால் அந்தப் பிள்ளை சனிக்கிழமை காலை அதை யாரிடமாவது ஓடிப்போய்ச் சொல்லியிருக்கும். எனக்குச் சொல்ல ஆள் இல்லை. கேபிளின் அந்த முனை காலி.

ஜோட்டோவை முடித்த பிறகு கான்டோவுக்குப் போனேன். கதைப்படி ரெட், க்ரீன் நடந்து மூன்று வருடமாகிறது. கிட்டத்தட்ட அந்த அளவு வயதுதான் நிஜத்தில் அதை விளையாடிய பிள்ளைகளுக்கும் கூடியிருந்தது. திரும்பிப் போகிறவர்களுக்கு அந்த விளையாட்டு எதைக் காட்டுகிறது? சின்னபார் தீவின் எரிமலை வெடித்து ஊரே இல்லை, ஒரு போக்கிமான் மருத்துவமனை மட்டும் நிற்கிறது. லாவண்டர் ஊரில் இறந்த போக்கிமான்களைப் புதைத்த கோபுரம் ரேடியோ நிலையமாகிவிட்டது. விரிடியன் காடு, முதல் விளையாட்டில் எல்லோரும் முதல் பூச்சியைப் பிடித்த இடம், காடாகவே இல்லை. மரங்களுக்கு நடுவே ஒரு பாதைதான் மிச்சம். இடமில்லாமல் வெட்டினார்களா, வேண்டுமென்றே வெட்டினார்களா என்பது வேறு விஷயம். குளங்கள் மூடப்பட்ட ஊரில் வளர்ந்தவரின் விளையாட்டில் அந்தக் காடு இல்லாமல் இருந்ததைப் பார்த்தபோது எனக்கு என்னவோ செய்தது.

கடைசியில் ஒரு மலை. அதன் உள்ளே, உச்சியில், ஒருவன் தனியாக நிற்கிறான். ரெட். முதல் விளையாட்டில் நீங்களாக இருந்தவன். அவன் எதுவும் பேசுவதில்லை, புள்ளிகள் மட்டும் வரும். நீங்கள் வளர்த்து, விட்டுவிட்டுப் போன பிள்ளை இத்தனை நாளாக அங்கேயே நின்றுகொண்டிருக்கிறான். அவனைத் தோற்கடித்தால் விளையாட்டு முடிகிறது. ரெட்டை விளையாடி வளர்ந்த ஒருவருக்கு அந்த இடத்தில் என்ன ஆகியிருக்கும் என்று என்னால் ஊகிக்கத்தான் முடியும். எனக்கு அவன் யாரோ.

*

2022-ல் பெரியம்மா ஒரு கல்யாணத்துக்கு ஊருக்கு வந்தார். வீடு மாறும்போது கிடைத்ததாம், ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் தங்க நிறக் கார்ட்ரிட்ஜும் ஊதா கேம்பாயும். "நீதான் இதப் பாத்துக்கிட்டே இருப்பேன்னு அண்ணன் குடுக்கச் சொன்னான்" என்றார். அன்று இரவே அண்ணன் மெசேஜ் அனுப்பினான். "டைஃப்லோஷன் லெவல் 100 வச்சிருந்தேன். இருக்கான்னு பாரு."

புது பேட்டரி இரண்டு வாங்கிப் போட்டு ஆன் செய்தேன். இசை வந்தது, படம் வந்தது. ஸ்டார்ட்டை அழுத்தியதும் வந்த பட்டியலில் 'தொடர்க' என்ற வரி இல்லை. 'புது ஆட்டம்' மட்டும்தான்.

காரணம் எளிமையானது. அந்தக் காலத்துக் கார்ட்ரிட்ஜில் சேவ் இருப்பது மின்சாரம் நின்றால் மறந்துவிடும் நினைவகத்தில். அது மறக்காமலிருக்க உள்ளே ஒரு பட்டன் பேட்டரி வைத்திருப்பார்கள். கோல்டில் இருப்பது CR என்ற வகையில் 2025 எண் கொண்டது, 20 மில்லிமீட்டர் அகலம், 2.5 மில்லிமீட்டர் கனம். ரெட்டில் பேட்டரிக்கு ஒரே வேலை, சேவைக் காப்பாற்றுவது. கோல்டில் இரண்டு வேலை, சேவையும் காப்பாற்ற வேண்டும், கடிகாரத்தையும் ஓட்ட வேண்டும். யாரும் விளையாடாமல் டிராயரில் கிடந்த வருடங்களிலும் அந்தக் கடிகாரம் ஓடியது, பேட்டரியைத் தின்றுகொண்டே. அதனால்தான் அடுத்து வந்த கோல்டு கார்ட்ரிட்ஜ்கள் முந்தி வந்த ரெட்டைவிடச் சீக்கிரம் சாகின்றன. காலம் தெரிந்ததுதான் அதற்கு வினையானது.

தப்பிக்க வழியும் இருக்கவில்லை. கோல்டிலிருந்து ரெட்டுக்குக் கேபிள் வழியாகப் போக்கிமானை அனுப்ப முடிந்தது. மூன்றாம் தலைமுறைக்கு அனுப்ப முடியாது, ரூபி, சஃபையரில் அந்த இணைப்பை விட்டுவிட்டார்கள். 2009-ல் கோல்டையே புதிதாகச் செய்து வெளியிட்டபோதும் ஊர்கள் திரும்ப வந்தன, நீங்கள் வளர்த்தவை வரவில்லை. கோல்டு, சில்வர் உலகம் முழுக்க 2 கோடிக்கும் மேல் விற்றது. அத்தனையிலும் ஒவ்வொரு சேவ், ஒவ்வொன்றிலும் யாரோ வைத்த பெயர்கள். பேட்டரி சாவதற்குள் கருவி வைத்து நகலெடுத்தவை மட்டும் மிச்சம்.

முன்னால் சொன்ன 1997 மாதிரிக்கு இப்போது வருகிறேன். விளையாட்டுகளைப் பாதுகாக்கிறோம் என்கிறோமே, பாதுகாத்தது எதை? தயாரித்தவர்கள் தூக்கிப்போட்ட வரைவு இன்று எல்லோரிடமும் இருக்கிறது. ஒரு 12 வயதுப் பையன் வருடக்கணக்கில் உட்கார்ந்து வளர்த்தது இல்லை. வெற்று நோட்டுப் புத்தகத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, அதில் எழுதியதைத் தொலைத்துவிட்ட மாதிரி. எந்த எமுலேட்டரிலும் இனி கிடைக்காதது எங்கள் திண்ணையில் ஒரு ஜூன் மாதம் முழுக்க என் கண்ணுக்கு முன்னால் இருந்தது. நான் தவறவிட்ட தலைமுறையை ஒரு விதத்தில் நான் பார்த்தும் இருக்கிறேன்.

அண்ணனிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். அதற்குள் ரிச்சி தெருவுக்குப் போய்ப் புது பட்டன் பேட்டரி வாங்கினேன். கார்ட்ரிட்ஜின் திருகு சாதாரண ஸ்க்ரூ டிரைவருக்கு மசியாது, அதற்கென்று ஒரு முனை தேட வேண்டியிருந்தது. சால்டரிங் எனக்கு வராது, மொபைல் ரிப்பேர் பார்க்கும் நண்பன் ஒட்டிக்கொடுத்தான். ஞாயிறு சாயங்காலம் அண்ணனை வீடியோ காலில் கூப்பிட்டேன்.

"இல்லண்ணா. பேட்டரி செத்துப்போச்சு. எல்லாம் போயிடுச்சு."

கொஞ்ச நேரம் பேசவில்லை. "டைஃப்லோஷனுக்கு என்ன பேரு வச்சிருந்தேன், ஞாபகமிருக்கா?" என்று கேட்டான்.

"கருப்பன்." அப்பாயி வீட்டு நாயின் பெயர். ஆங்கில எழுத்தில்தான் வைக்க முடியும், இருந்தாலும் கருப்பன்தான்.

சிரித்தான். "பரவால்லையே."

போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்து, திரை அவனுக்குத் தெரிகிற மாதிரி கேம்பாயைப் பிடித்துக்கொண்டு புது ஆட்டத்தை அழுத்தினேன். அழிவதற்கு இனி எதுவும் இல்லை. ஓக் எழுந்தார். மணி கேட்டார்.

"எவ்வளவுண்ணா வைக்கட்டும்?"

"இங்க ஏழே முக்கால். அங்க?"

"அஞ்சே கால்."

"உன் டைமே வைடா."

வைத்தேன். கீழே இறங்கி வந்தால் விளையாட்டில் வரும் அம்மா கிழமை கேட்டார். ஞாயிறு. கோடைக்காக ஒரு மணி நேரம் கடிகாரத்தை முன்னால் தள்ளி வைத்திருக்கிறீர்களா என்று அடுத்த கேள்வி. மன்னார்குடியிலும் சரி, சிங்கப்பூரிலும் சரி, அந்த வழக்கம் கிடையாது. இல்லை என்றேன். கதவைத் திறந்து வெளியே வந்தேன்.

ஊர் முழுக்க வெளிச்சம். "அட, பகல்" என்றான் அண்ணன்.